சேரும் முன்பே வந்த கார் கம்பெனிகள்: ஸ்லோவாகியா கதை

2007 கடைசியில் ஹூண்டாய் ஐ10 வந்தபோது, ஐரோப்பாவில் விற்ற ஐ10 கூட நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்து சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றியதுதான். அடுத்து வந்த ஐ20-யும் அப்படியே. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகக் கம்பெனிகளில் வேலை பார்த்த எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்புறம் 2010 வாக்கில் ஐரோப்பாவுக்கான ஐ20 துருக்கியில் இருக்கும் இஸ்மித் ஆலைக்கு நகர ஆரம்பித்தது. 2013-ல் வந்த புது ஐ10-ஐ ஐரோப்பாவுக்கென்று அங்கேயே செய்தார்கள். இங்கே நடந்த தொழிலாளர் தகராறுதான் காரணம் என்று அப்போது பேச்சு. அதுவும் ஒரு காரணம்தான், தூரமும் ஒரு காரணம்தான், ஆனால் நாள் முழுக்க ஏற்றுமதிப் பேப்பர்களோடு மல்லுக்கட்டுகிற என்னைப் போன்றவனுக்கு முதலில் கண்ணில் படுவது சுங்கவரி.

கணக்கு சுலபம். வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் காருக்கு வரி 10 சதவீதம். வளரும் நாடுகளுக்கான ஜி.எஸ்.பி. சலுகையில் இந்தியக் காருக்கு அப்போது 6.5. துருக்கியிலிருந்து போனால் பூஜ்யம், ஏனென்றால் 1996 தொடக்கத்திலிருந்தே துருக்கிக்கும் ஒன்றியத்துக்கும் இடையே சுங்க ஒன்றியம் இருக்கிறது, அதாவது தங்களுக்குள் வரி கிடையாது, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு இரண்டு பக்கமும் ஒரே வரி. பத்தாயிரம் யூரோ மதிப்புள்ள ஒரு சின்னக் காருக்கு இங்கிருந்து போனால் 650 யூரோ, அங்கிருந்து போனால் ஒன்றுமில்லை. 2014-ல் வாகனங்களுக்கு அந்தச் சலுகையும் இந்தியாவிடமிருந்து போய்விட்டது, "நீங்கள் இந்தத் துறையில் வளர்ந்துவிட்டீர்கள்" என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். பாராட்டு மாதிரி இருக்கும், பில்லில் பார்த்தால்தான் அதன் அர்த்தம் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியம் மாதிரி ஒரு வர்த்தகக் கூட்டமைப்பில் சேர்ந்தால் வரி போகும், வரி போனால் ஏற்றுமதி கூடும், ஏற்றுமதிக்காக ஆலை வரும் என்று பாடப்புத்தகத்தில் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நானும் ரொம்ப காலம் அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தேன். ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மற்ற நாடுகளைப் பார்த்தால் அது பல இடங்களில் உதைக்கிறது. வரி போன பிறகும் பல வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத நாடு இருக்கிறது, உறுப்பினராகச் சேரும் முன்பே பணம் வந்து கொட்டியதும் அதே நாட்டில்தான். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஸ்லோவாகியா. ஜனத்தொகை சுமார் 54 லட்சம், சென்னை நகரத்தைவிடக் குறைவு. வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் கார் செய்கிறது. தலைக்கு இத்தனை கார் என்று கணக்குப் போட்டால் உலகத்தில் முதல் இடம் அதற்குத்தான், ஜெர்மனியும் ஜப்பானும் கொரியாவும் பின்னால்தான். 2000-ல் அங்கே இரண்டு லட்சம் கார் கூடச் செய்யவில்லை.

இந்த நாட்டின் கதையை 1993-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த வருஷம் ஜனவரி 1-ல் செக்கோஸ்லோவாகியா சண்டை சச்சரவு இல்லாமல் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தாலும் இரண்டுக்கும் நடுவில் சுங்க ஒன்றியம் தொடரும், நாணயமும் ஒன்றாகவே இருக்கும் என்று ஏற்பாடு. நாணய ஏற்பாடு ஆறு வாரம் கூடத் தாங்கவில்லை. ஸ்லோவாக் பக்கத்திலிருந்து பணம் செக் தலைநகர் பிராகாவுக்கு ஓட ஆரம்பித்தது, பிப்ரவரி 8-ல் தனித்தனி நாணயம். புது நோட்டு அச்சடிக்க நேரமில்லாததால் பழைய செக்கோஸ்லோவாக் நோட்டுகளின் மேலேயே ஸ்டாம்ப் ஒட்டி இது நம்முடையது, அது உன்னுடையது என்று பிரித்துக்கொண்டார்கள். கையில் இருக்கும் நோட்டின் மேல் தபால்தலை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும், அதுதான் நாணயம். சுங்கவரி மட்டும் கடைசிவரை இல்லவே இல்லை. இருந்தும் இரண்டு நாட்டுக்கும் இடையே வியாபாரம் பலமாகச் சரிந்தது. வரி பூஜ்யமாக இருந்தால் மட்டும் சரக்கு ஓடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்து, ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஸ்லோவாகியா போட்ட ஒப்பந்தம் 1995 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. உறுப்பினர் ஆவதற்கு முந்தைய படி இது, செக், போலந்து, ஹங்கேரி எல்லாமே இதே மாதிரி ஒன்றைப் போட்டிருந்தன. இதன்படி தொண்ணூறுகள் முடிவதற்குள் ஸ்லோவாக் தொழில் பொருட்களுக்கு ஐரோப்பா பக்கம் வரி ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. கூலி ஜெர்மனியில் உள்ளதில் ஒரு சின்னப் பங்கு. வியன்னா விமான நிலையத்திலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரத் தூரம் கூட இல்லை. மார்ட்டின், துப்நிட்சா மாதிரி ஊர்களில் சோவியத் காலத்து டாங்கி, பீரங்கித் தொழிற்சாலைகள் ஆர்டர் இல்லாமல் படுத்துவிட, உலோக வேலையில் கைதேர்ந்த ஆட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் முதலீடு ஹங்கேரிக்கும் செக்குக்கும் போலந்துக்கும் போனது, இங்கே சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. விதிவிலக்கு ஃபோக்ஸ்வாகன் ஒன்றுதான். அது 1991-லேயே, நாடு பிரிவதற்கு முன்பே, பிராட்டிஸ்லாவாவில் இருந்த பழைய அரசுக் கார் ஆலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

காரணம் அப்போதைய பிரதமர் விளாதிமிர் மெச்சியாரின் ஆட்சி. அரசு நிறுவனங்களை விற்றார்கள், ஆனால் வெளியாட்களுக்கு இல்லை, வேண்டப்பட்டவர்களுக்கு, அடிமாட்டு விலைக்கு. 1995-ல் ஜனாதிபதியின் மகனையே ஆள் வைத்துக் கடத்தி ஆஸ்திரிய எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள், உளவுத்துறை மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். இறக்குமதிக்குத் திடீரென்று மேல்வரி போடுவதும் நடந்தது. 1997-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் இந்த நாட்டை ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் கருந்துளை என்றார். அதே வருஷக் கடைசியில் லக்சம்பர்க் மாநாட்டில் செக், போலந்து, ஹங்கேரி, எஸ்தோனியா, ஸ்லோவேனியா, சைப்ரஸ் ஆகியவற்றை உறுப்பினர் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள், ஸ்லோவாகியாவை விட்டுவிட்டார்கள். ஜனநாயகம் சரியில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

நான் முதலீட்டாளராக இருந்தால் அப்போது என்ன யோசித்திருப்பேன்? ஒரு கார் ஆலை என்றால் பல்லாயிரம் கோடி ரூபாய், போட்ட பணம் திரும்ப பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். தகட்டை அழுத்திக் கார் உடலாக்கும் பிரம்மாண்டமான பிரஸ் எந்திரத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு நாளைக்கே வேறு ஊருக்குப் போக முடியாது. இன்றைக்கு வரி பூஜ்யமா பத்தா என்பதைவிட, ஏழு வருஷம் கழித்து யார் ஆட்சியில் இருப்பார், அவர் என்ன செய்வார், தகராறு வந்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவேன், அந்தக் கோர்ட் மந்திரி போன் செய்தால் பயப்படுமா என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

1998 செப்டம்பர் தேர்தலில் மெச்சியார் கட்சிதான் தனிப்பெரும் கட்சி, ஆனால் கூட்டணிக்கு யாரும் வரவில்லை. மிகுலாஷ் ஜுரிண்டா பிரதமர் ஆனார். 1999 டிசம்பரில் ஹெல்சிங்கி மாநாட்டில் ஸ்லோவாகியாவுக்கும் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. 2000-ல் கோஷிட்ஸே இரும்பாலையை யு.எஸ். ஸ்டீல் வாங்கியது, தொலைபேசிக் கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கை டாய்ச்ச டெலிகாம் வாங்கியது, 2002-ல் எரிவாயுக் கம்பெனியில் 49 சதவீதம் ஜெர்மன், பிரெஞ்சுக் கைகளுக்குப் போனது. வங்கிகளும் ஒவ்வொன்றாக ஆஸ்திரியருக்கும் இத்தாலியருக்கும் போயின. இதெல்லாம் இருப்பதை விற்றதுதான், புதிதாகக் கட்டியது இல்லை என்பது வாஸ்தவம். புது ஆலைகள் வந்தது எப்போது என்று தேதியைப் பாருங்கள். 2002 டிசம்பரில் கோபன்ஹேகன் மாநாட்டில் பேச்சுவார்த்தை முடிந்தது, ஸ்லோவாகியாவோடு சேர்த்துப் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்வது உறுதி. 2003 ஜனவரியில் பிரான்சின் பி.எஸ்.ஏ., அதாவது பெஷோ சித்ரோயென், ட்ர்னாவாவில் ஆலை கட்டுவதாக அறிவித்தது. 2004 மார்ச்சில் கொரியாவின் கியா ஜிலினாவைத் தேர்ந்தெடுத்தது. நாடு அதிகாரபூர்வமாக ஒன்றியத்தில் சேர்ந்தது 2004 மே 1. மாலை போட்டு வரவேற்கும் முன்பே இரண்டு பெரிய ஆலை கையில்.

அதனால்தான் "சேர்ந்த பிறகு முதலீடு எவ்வளவு கூடியது" என்று சேர்ந்த வருஷத்தைக் கோடாகப் போட்டு முன்னே பின்னே அளக்கும் கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கோடு போட வேண்டிய இடம் சேர்ந்த நாள் இல்லை, சேர்வது நிச்சயம் என்று வெளியே இருப்பவன் நம்பிய நாள். சில நாடுகளுக்கு அந்த இடைவெளி ஐந்து வருஷம் கூட இருக்கும். சேர்ந்த நாளைக் கோடாக வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கூட ஒரு வரைபடம் வரும்.

இந்த நம்பிக்கை காற்றில் வருவதில்லை, அதற்குக் காகிதம் இருக்கிறது. உறுப்பினராக வேண்டுமென்றால் ஒன்றியத்தின் சட்டங்கள் அத்தனையையும், பல்லாயிரம் பக்கம், உள்நாட்டுச் சட்டமாக்க வேண்டும். எந்தக் கம்பெனிக்கு அரசு எவ்வளவு சலுகை தரலாம் என்பதற்கு வரம்பு ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் வைக்கும். உள்ளூர்க்காரனுக்கு ஒரு விதி, வெளியூர்க்காரனுக்கு ஒரு விதி வைத்தால் லக்சம்பர்க்கில் இருக்கும் ஒன்றிய நீதிமன்றம் வரை இழுக்கலாம். அடுத்த ஆட்சி நினைத்தாலும் சுலபத்தில் மாற்ற முடியாது. 2006-ல் அது சோதிக்கவும் பட்டது. ஜுரிண்டாவின் சீர்திருத்தங்களைத் திட்டித் திட்டியே ராபர்ட் ஃபிட்சோ தேர்தலில் ஜெயித்தார், மெச்சியாரின் கட்சியையும் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். முதலீட்டாளர்கள் ஓடவில்லை. எல்லோருக்கும் ஒரே 19 சதவீதம் என்று 2004-ல் வந்த வரியை அவரும் 2013 வரை தொட முடியாமல் வைத்திருந்தார், 2009 ஜனவரியில் யூரோவுக்கு நாட்டைக் கூட்டிப் போனதும் அவரே. 2007-ல் பொருளாதாரம் பத்து சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. 2001-ல் 19 சதவீதம் இருந்த வேலையின்மை 2008-ல் பத்துக்குக் கீழே.

கியா விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், என் வேலைக்குப் பக்கத்தில் வருவதால் எனக்கு அதில் ஆர்வம் அதிகம். கடைசிச் சுற்றில் போட்டி போலந்தின் கோபியெர்ஜிட்ஸேக்கும் ஜிலினாவுக்கும். போலந்து ஜனத்தொகையில் ஏழு மடங்கு பெரியது, உள்நாட்டுச் சந்தையே பெரிது. ஆனாலும் சின்ன நாடு ஜெயித்தது. கூட்டமைப்புக்குள் இருக்கும்போது உள்நாட்டுச் சந்தை என்பதற்கு அர்த்தமே மாறிவிடுகிறது, எங்கே கட்டினாலும் சந்தை ஒன்றுதான். பிறகு தேர்வு செய்ய மிஞ்சுவது கூலி, வரி, சாலை, மானியம், தொழிற்சங்கம். அதனால்தான் சேர்ந்த நாடுகளுக்குள்ளேயே போட்டி கொடூரமாக இருக்கும். ஜிலினா அருகே ஆலைக்கு நிலம் எடுத்த டெப்ளிச்கா கிராமத்தில் விலை போதாது என்று நிலக்காரர்கள் மறுத்து நின்றது பெரிய விவகாரம் ஆனது, அரசு விலையை உயர்த்த வேண்டி வந்தது. சிப்காட் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பழைய உறுப்பினர்களுக்கும் எரிச்சல். 2004-ல் பிரெஞ்சு நிதி அமைச்சராக இருந்த சர்க்கோசி, இவ்வளவு குறைவாக வரி போடுகிற நாடுகளுக்கு நாம் ஏன் ஒன்றிய நிதியிலிருந்து உதவி தர வேண்டும் என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் பற்றிப் பேசும்போது நம் ஊரில் பலர் தவறவிடுவது இதைத்தான். ஒப்பந்தம் வேறு, சுங்க ஒன்றியம் வேறு. ஒப்பந்தம் மட்டும் இருந்தால் வரிச்சலுகை வேண்டுகிற ஒவ்வொரு சரக்கோடும் அது எங்கே பிறந்தது என்று காட்டும் சான்றிதழ் போக வேண்டும். அந்த ஆரிஜின் சர்டிஃபிகேட்தான் என் பிழைப்பு. ஒரு பிராக்கெட்டுக்குப் போட வேண்டுமென்றால் எஃகு எங்கிருந்து, போல்ட் எங்கிருந்து, ரப்பர் புஷ் எங்கிருந்து, ஒவ்வொன்றின் விலை என்ன, ஆலை வாசல் விலையில் வெளிநாட்டுப் பங்கு எத்தனை சதவீதம் என்று சப்ளையர் ஒவ்வொருவரிடமும் கடிதம் வாங்க வேண்டும், ஒருவர் தேதி போட மறந்தால் மொத்தமும் நிற்கும். அந்தக் காலத்து ஐரோப்பிய ஒப்பந்தங்களில் காருக்கு விதி, வெளிநாட்டுப் பாகத்தின் மதிப்பு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. கொரியாவிலிருந்து எஞ்சினும் எலெக்ட்ரானிக்ஸும் கொண்டுவந்து கோர்க்க நினைக்கும் கம்பெனிக்கு இந்த 40 தொண்டையில் சிக்கும். சுங்க ஒன்றியத்துக்குள் வந்துவிட்டால் அந்தக் கேள்வியே கிடையாது. கொரியப் பாகம் உள்ளே நுழையும்போது ஒருமுறை வரி கட்டினால் போதும், உதிரிபாகத்துக்கு நாலு சதவீதம் போல, அப்புறம் அது எந்தக் காரில் போய் எந்த ஊரில் விற்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆரிஜின் சான்றிதழ் இல்லை, சதவீதக் கணக்கு இல்லை, உறுப்பினராகவும் ஆகிவிட்டால் எல்லையில் லாரி வரிசையும் இல்லை. அன்றைக்குத் தேவையான பாகத்தை அன்றைக்கே இறக்கி ஓட்டுகிற ஆலைக்கு, லாரி எல்லையில் நாலு மணி நேரம் நிற்குமா நாற்பது மணி நேரம் நிற்குமா என்று தெரியாமல் இருப்பது பத்து சதவீத வரியைவிடப் பெரிய தலைவலி.

சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருந்து உறுப்பினராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கியைப் பார்க்க வேண்டும். ஒன்றியம் கொரியாவோடு போட்ட ஒப்பந்தம் 2011-ல் அமலுக்கு வந்தது. கொரியச் சரக்கு ஐரோப்பா வழியாகத் துருக்கிக்குள் வரியில்லாமல் வரலாம் என்றாகிவிட்டது, ஆனால் துருக்கிச் சரக்கு கொரியாவுக்குள் அப்படிப் போக முடியாது. துருக்கி தனியாகப் பேசி, 2013-ல்தான் தன் ஒப்பந்தத்தை அமல்படுத்தியது. முடிவெடுக்கும் மேஜையில் நாற்காலி இல்லாதவன் நிலைமை அதுதான்.

சரி, ஜிலினாவில் கியா 2006 டிசம்பரில் உற்பத்தியை ஆரம்பித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் செக் நாட்டு நொஷோவிட்ஸேயில் ஹூண்டாய் 2008-ல். இரண்டுக்கும் நடுவில் நூறு கிலோமீட்டர் கூட இல்லை. ஜிலினாவில் செய்யும் எஞ்சின் நொஷோவிட்ஸே போகிறது, நொஷோவிட்ஸேயில் செய்யும் கியர்பாக்ஸ் ஜிலினா வருகிறது. அண்ணன் தம்பிக் கம்பெனிகள் மலையைத் தாண்டி லாரியில் மாற்றிக்கொள்வதுதான். ஆனால் புள்ளிவிவரத்தில் ஒவ்வொரு லாரியும் ஒரு நாட்டின் ஏற்றுமதி, இன்னொரு நாட்டின் இறக்குமதி. அப்புறம் கார் முழுசாகி ஜெர்மனிக்குப் போகும்போது அதே எஞ்சின் மதிப்பு மறுபடி ஏற்றுமதியில் ஏறும். ஸ்லோவாகியாவின் ஏற்றுமதி அதன் ஜி.டி.பி.யில் 90 சதவீதத்தை ஒட்டி நிற்பதன் ரகசியத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கூட்டமைப்பில் சேர்ந்து வியாபாரம் மூன்று மடங்கு ஆனது என்று யாராவது சொன்னால், அதில் எத்தனை பங்கு ஒரே பொருள் போய் வந்து போனது என்று கேட்கத் தோன்றுகிறது. பொய் என்று சொல்லவில்லை, அந்தப் பங்கிலும் உண்மையான சம்பளமும் வேலையும் இருக்கிறது. நாட்டில் தங்கும் மதிப்பு மட்டும் தலைப்புச் செய்தியில் வரும் எண்ணைவிட ரொம்பக் குறைவு. வடிவமைப்பு ஜெர்மனியிலும் கொரியாவிலும் நடக்கும், லாபம் அங்கே போகும்.

வந்த ஆலைகள் எங்கே உட்கார்ந்தன என்று பாருங்கள். பிராட்டிஸ்லாவா, ட்ர்னாவா, நித்ரா, ஜிலினா, எல்லாமே நாட்டின் மேற்கிலும் வடமேற்கிலும். பிராட்டிஸ்லாவா வட்டாரத்தின் தனிநபர் வருமானக் கணக்கு ஐரோப்பியச் சராசரிக்கு மேலே, கிழக்கே பிரெஷோவ் பக்கம் போனால் அதில் பாதி கூட வராது. பிராட்டிஸ்லாவாவையும் கோஷிட்ஸேயையும் இணைக்க வேண்டிய டி1 நெடுஞ்சாலையை ஒவ்வொரு அரசும் முடிப்பதாகச் சொல்லி, இன்னும் சில துண்டுகள் பாக்கி இருக்கின்றன. பொருளுக்கு எல்லை திறந்த மாதிரி ஆளுக்கும் திறந்தது. 2004-லேயே பிரிட்டனும் அயர்லாந்தும் ஸ்வீடனும் வேலைச் சந்தையைத் திறந்துவிட்டன, ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 மே வரை இழுத்தன. கிழக்கு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான நடுத்தர வயதுப் பெண்கள் ஆஸ்திரியாவுக்குப் போய் முதியவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறார்கள், இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் சொந்த வீட்டில் என்று முறை வைத்து வேனில் போய் வருகிறார்கள். நர்சுகளும் டாக்டர்களும் போனதில் உள்ளூர் ஆஸ்பத்திரிகள் காலி. இந்தப் பக்கத்து வரவு செலவு வியாபாரக் கணக்கில் வராது.

அப்புறம் ஒரே தொழிலை நம்பி நிற்கும் பயம். 2009-ல் ஐரோப்பாவில் கார் விற்பனை படுத்ததும் ஸ்லோவாகியாவின் ஜி.டி.பி. ஐந்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. சொந்த நாணயம் இருந்தால் மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கலாம், போலந்தின் ஸ்லாட்டி அப்படித்தான் விழுந்து தாங்கியது. ஸ்லோவாகியா அந்த வருஷ ஜனவரியில்தான் யூரோவுக்குப் போயிருந்தது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. டாடா கையில் இருக்கும் ஜாகுவார் லேண்ட் ரோவர், 2015-ல் நித்ராவைத் தேர்ந்தெடுத்து, 2018 அக்டோபரில் ஆலையைத் திறந்தது. டிஸ்கவரியை இங்கிலாந்தின் சோலிஹல்லிலிருந்து அங்கே மாற்றினார்கள், புது டிஃபெண்டரும் அங்கேதான் பிறக்கிறது. முடிவெடுத்தபோது பிரிட்டனும் ஒன்றியத்துக்குள் இருந்தது, வுல்வர்ஹாம்ப்டனில் செய்த எஞ்சினை நித்ராவுக்கு அனுப்புவது கோயம்புத்தூரிலிருந்து ஓசூருக்கு அனுப்புகிற மாதிரி. அடுத்த வருஷம் பிரெக்சிட் வாக்கெடுப்பு. 2021 ஜனவரியிலிருந்து ஒப்பந்தப்படி வரி பூஜ்யம்தான், ஆனால் சான்றிதழும் சுங்கப் படிவமும் திரும்ப வந்தன. என் மாதிரி ஆட்களுக்கு அங்கே வேலை கூடியிருக்கும்.

2025-ல் தலைகீழாக ஒன்று நடந்தது. டிரம்ப் ஏப்ரலில் வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டார், பழைய 2.5-ஐயும் சேர்த்து 27.5. லேண்ட் ரோவருக்கு அமெரிக்கா பெரிய சந்தை, அங்கே சொந்த ஆலை கிடையாது. மே மாதம் பிரிட்டன் தனியாகப் பேசி, வருஷத்துக்கு ஒரு லட்சம் கார் வரை பத்து சதவீதம் என்று முடித்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் ஜூலை கடைசியில்தான் முடித்தது, 15 சதவீதத்துக்கு. ஆக சோலிஹல்லில் செய்த ரேஞ்ச் ரோவருக்கு பத்து, நித்ராவில் செய்த டிஃபெண்டருக்குப் பதினைந்து, இரண்டுக்கும் ஒரே முதலாளி. ஸ்லோவாகியா தனியாக வாஷிங்டன் போய்ப் பேச முடியாது, வர்த்தகத்தில் 27 நாட்டுக்கும் ஒரே வாய்தான். பெரிய கூட்டத்தில் இருப்பது எப்போதும் பேரத்தில் லாபம் என்பவர்கள் இந்த ஐந்து சதவீதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வெளியேறியதுதான் சரி என்று குதிக்கும் பிரெக்சிட்காரர்களோ, டிஸ்கவரி இங்கிலாந்தை விட்டு ஏன் போனது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கிழக்குக்கு ஒரு வழியாக ஆலை போகிறது. கோஷிட்ஸே பக்கத்தில் வலாலிகியில் மின்சாரக் கார் ஆலை கட்டுவதாக வோல்வோ 2022-ல் அறிவித்தது, 120 கோடி யூரோ. வோல்வோவின் முதலாளி சீனாவின் கீலி. இரண்டு வருஷம் கழித்து, 2024 அக்டோபரில், சீனாவிலிருந்து வரும் மின்சாரக் கார்களுக்கு ஒன்றியம் கூடுதல் வரி போட்டது, கீலி குழுமத்துக்கு அது 18.8 சதவீதம், வழக்கமான பத்துக்கும் மேலே. ஹங்கேரியில் செகெட் நகரத்தில் சீனாவின் பி.ஒய்.டி. ஆலை கட்டுவதும் இதே வரிமதில் விவகாரம்தான். உள்ளே வந்தவர்களுக்கு வரி இல்லை என்பது இருபது வருஷம் முன்பு ஆலையை இழுத்தது, வெளியே நிற்பவர்களுக்கு வரி உண்டு என்பது இப்போது இழுக்கிறது. இந்த முறை வலாலிகி கிராமத்து நிலத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், டெப்ளிச்கா கதையோடு வைத்துப் பார்க்க வேண்டும்.